மெதுவாக இருந்தால் சோகமா? ஒரு வயலின் கான்செர்ட்டோவும் பேராக்கின் ஒரு மெட்டும் சொல்லும் பதில்

மலேசியாவில் பள்ளிக்குப் போன யாருக்கும் காலைச் சபைகூடல் மறக்காது. வெயிலில் வரிசையாக நின்று நெகாராகூ பாடியிருப்போம். அந்தப் பாட்டு எந்த வேகத்தில் போக வேண்டும் என்று யாரும் தனியாகச் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் கொஞ்சம் வேகமாக வாசித்தால், 'என்னமோ சரியில்லையே'ன்னு காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

ஒருமுறை நாடு முழுவதற்குமே இப்படி ஆனது. 1990-களின் தொடக்கத்தில் தேசிய கீதம் அணிவகுப்பு நடைக்கு ஏற்ற மாதிரி வேகமாக்கப்பட்டது. மெட்டு அதே, சொற்களும் அதே. ஆனால் பலருக்கு அது பிடிக்கவில்லை. சர்க்கஸ் இசை மாதிரி இருக்கிறது என்றுகூடச் சிலர் சொன்னார்கள். 2003-இல் பழைய நிதானமான வேகமே திரும்பி வந்தது.

அப்படியென்றால் ஒரு பாட்டின் மனநிலை அதன் வேகத்தில்தான் இருக்கிறதா? சுருதிக்கும் சுரங்களுக்கும் அதில் பங்கு இல்லையா? வயலின் படிக்கும் பிள்ளைகளுக்கு இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. ஏபிஆர்எஸ்எம் போன்ற இசைத் தேர்வுகளின் 'கேட்டல்' பகுதியில், ஒரு இசைத்துண்டை வாசித்துக் காட்டிவிட்டு அதன் டெம்போ என்ன, மேஜரா மைனரா, அதன் குணம் என்ன என்று கேட்பார்கள். 'ஸ்லோ, மைனர், சோகம்' என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது பலருக்கும் வரும் பழக்கம்.

அந்தப் பழக்கம் எங்கே உதவும், எங்கே காலை வாரிவிடும் என்பதை, உலகம் முழுவதும் வயலின் மாணவர்கள் அறிந்த ஒரு படைப்பை வைத்துப் பார்க்கலாம். அது மெண்டல்சோனின் ஈ மைனர் வயலின் கான்செர்ட்டோ. குறிப்பாக, அதன் மெதுவான இரண்டாம் பகுதி.

கான்செர்ட்டோ என்றால் என்ன?

ஒரு தனி வாத்தியக் கலைஞரும் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் பெரிய இசைப்படைப்புதான் கான்செர்ட்டோ. பெரும்பாலும் அது மூன்று பகுதிகளாக இருக்கும். ஒவ்வொரு பகுதியையும் 'மூவ்மென்ட்' என்பார்கள். விரைவு, மெதுவு, மறுபடியும் விரைவு என்பது வழக்கமான வரிசை.

ஜெர்மானிய இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சோன் தன் நண்பரும் வயலின் கலைஞருமான ஃபெர்டினாண்ட் டேவிட்டுக்காக இதை எழுதினார். இப்படி ஒன்று எழுத வேண்டும் என்று 1838-லேயே நண்பருக்குக் கடிதம் எழுதிவிட்டார். ஆனால் முடித்தது 1844-இல். 1845 மார்ச் 13 அன்று லைப்சிக் நகரில் டேவிட்டின் வயலினோடு இது அரங்கேறியது. மெண்டல்சோனுக்கு உடல்நலம் சரியில்லாததால், அன்று ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் காதே.

மூன்று பகுதிகளின் பெயர்ப்பலகையும் இதுதான்:

முதல் பகுதி: அலெக்ரோ மோல்ட்டோ அப்பாஸியோனாட்டோ, ஈ மைனர்.
இரண்டாம் பகுதி: ஆண்டான்டே, சி மேஜர்.
மூன்றாம் பகுதி: முதலில் 14 சுற்று மட்டும் அலெக்ரெட்டோ நான் ட்ரோப்போ, ஈ மைனர். பிறகு அலெக்ரோ மோல்ட்டோ விவாச்சே, ஈ மேஜர்.

பார்த்தால் மருந்துச்சீட்டு மாதிரிதான் இருக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்தால் புரிந்துவிடும்.

டெம்போ: 'ஆண்டான்டே' எவ்வளவு மெதுவு?

டெம்போ என்பது இசையின் துடிப்பு ஓடும் வேகம். இத்தாலிய மொழியில் 'ஆண்டாரே' என்றால் போவது, நடப்பது. அதிலிருந்து வந்ததுதான் ஆண்டான்டே. அதாவது நடைவேகம். பலர் நினைப்பது போல அது 'ரொம்ப மெதுவு' இல்லை. அதைவிட மெதுவானவை அடாஜியோ, லார்கோ. அதைவிட வேகமானவை அலெக்ரெட்டோ, அலெக்ரோ, பிரெஸ்ட்டோ.

இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. 'அலெக்ரோ' என்ற இத்தாலியச் சொல்லுக்கு மகிழ்ச்சியான, கலகலப்பான என்றுதான் பொருள். மனநிலையைச் சொல்ல வந்த சொல், காலப்போக்கில் வேகத்தைச் சொல்லும் சொல்லாக நிலைத்துவிட்டது. மெண்டல்சோனின் முதல் பகுதியும் 'அலெக்ரோ'தான். ஆனால் அதில் கலகலப்பு இல்லை, தவிப்புதான் இருக்கிறது. அதனால்தான் கூடவே 'அப்பாஸியோனாட்டோ', அதாவது உணர்ச்சி பொங்க, என்று எழுதி வைத்தார்.

நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு என்று அளக்கும் மெட்ரோனோம் கருவிக்கு 1815-இல் மெல்சல் என்பவர் காப்புரிமை பெற்றார். ஆனாலும் ஆண்டான்டே என்றால் துல்லியமாக இந்த எண்தான் என்று சட்டம் எதுவும் இல்லை. இந்த இரண்டாம் பகுதி சுமார் 8 நிமிடம் போகும். கலைஞருக்குக் கலைஞர் அது கூடும், குறையும்.

கர்நாடக இசை கற்றவர்களுக்கு விளம்ப காலம், மத்திம காலம், துரித காலம் தெரியும். இதை அப்படியே ஆண்டான்டே, அலெக்ரோவோடு பொருத்திவிடக் கூடாது. நம் வகுப்பில் ஸரளி வரிசையை மூன்று காலத்தில் பாடும்போது, தாளம் போடும் கையின் வேகம் மாறாது. ஒரு தட்டுக்கு ஒரு சுரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று சுரங்கள்தான் நெருக்கமாகும். மேற்கத்திய டெம்போ மாறும்போது அந்தக் கையின் வேகமே மாறுகிறது. நாம் 'காலப்பிரமாணம்' என்று சொல்வதுதான் டெம்போவுக்கு நெருக்கமான சொல்.

வேகத்தோடு எண்ணிக்கையும் முக்கியம். இரண்டாம் பகுதி ஆறு-எட்டு என்ற கணக்கில் போகிறது. ஒரு சுற்றில் ஆறு சின்ன எண்ணிக்கை. மும்மூன்றாக இரண்டு கூட்டம். வாயால் சொல்லிப் பாருங்கள்: தகிட, தகிட. நம் திஸ்ர நடை. மெதுவாகச் சொன்னால் தொட்டில் ஆடுவது மாதிரி ஒரு அசைவு வருகிறதா? அந்தப் பகுதியின் பாதி மனநிலை அந்த அசைவிலேயே இருக்கிறது.

கீ: ஒரு கட்டை சங்கராபரணம் என்று சொல்லலாமா?

'சி மேஜர்' என்பதில் இரண்டு தகவல் இருக்கிறது. 'சி' என்பது எந்தச் சுரம் வீடு, அதாவது நம் ஷட்ஜம் எங்கே என்பதைச் சொல்கிறது. 'மேஜர்' என்பது அந்த வீட்டைச் சுற்றி எந்த ஏழு சுரங்கள் என்பதைச் சொல்கிறது.

நம் சுருதிப்பெட்டிக் கணக்கில் சி என்பது 1 கட்டை, ஈ என்பது 3 கட்டை, பி என்பது 7 கட்டை. மேஜர் அளவுகோலின் சுரங்கள் சங்கராபரணத்தின் சுரங்களே. மைனரில் வகைகள் உண்டு. இயற்கை மைனர் நடபைரவியோடும், ஹார்மோனிக் மைனர் கீரவாணியோடும் சுர அளவில் பொருந்தும்.

ஆக, கான்செர்ட்டோவின் பெயர்ப்பலகையை ஒரு பாட்டு வாத்தியாரிடம் இப்படிச் சொல்லலாம்: முதல் பகுதி 3 கட்டையில் நடபைரவி, கீரவாணிச் சுரங்கள். இரண்டாவது 1 கட்டையில் சங்கராபரணச் சுரங்கள். மூன்றாவதில் மறுபடியும் 3 கட்டை. ஆனால் இந்த முறை சங்கராபரணச் சுரங்கள்.

வாத்தியார் உடனே இரண்டு விஷயத்தைச் சுட்டிக்காட்டுவார். முதலாவது, சுரங்கள் மட்டும் ராகம் ஆகிவிடாது. சங்கராபரணத்துக்கு அதற்கே உரிய கமகங்கள், பிடிப்புகள் உண்டு. மெண்டல்சோனின் மெட்டில் அவை கிடையாது. அங்கே மனநிலையைக் கட்டுவது, பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஹார்மனி. இரண்டாவது, கச்சேரி நடுவில் யாராவது சுருதியை மாற்றுவார்களா? தம்புரா தொடங்கிய சுருதியிலேயே கடைசிவரை இருக்கும். பாட்டுக்குப் பாட்டு ராகம் மாறும், ஷட்ஜம் நகராது. கான்செர்ட்டோவிலோ வீடே மாறுகிறது. அந்த இடமாற்றத்தை மெண்டல்சோன் எப்படிச் செய்தார் என்பதுதான் இந்தப் பகுதியின் அழகான இடம்.

ஒரே ஒரு பசூன் செய்யும் வேலை

முதல் பகுதி ஆவேசமாக முடிகிறது. ஆர்கெஸ்ட்ரா முழுவதும் சேர்ந்து கடைசி அடியை அடித்துவிட்டு நின்றுவிடும். கைதட்டலாம் என்று நினைப்போம். ஆனால் ஒரு சுரம் மட்டும் நிற்காமல் நீண்டுகொண்டே இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டிருப்பது பசூன் என்ற கனத்த குரலுள்ள ஊதுகருவி.

அந்தச் சுரம் பி. 3 கட்டைச் சுருதியில் அது பஞ்சமம். அதாவது பழைய வீட்டில் உறுதியான, நிலையான ஒரு சுரம். பசூன் அதிலிருந்து அரை சுரம் மட்டும் மேலே ஏறி 'சி'யைத் தொடுகிறது. பழைய கணக்கில் அது சுத்த தைவதம். ஆனால் மற்ற வாத்தியங்கள் மெல்ல வந்து சேரச் சேர, அந்தச் சுரமே புதிய ஷட்ஜம் என்று காது ஒப்புக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் தனி வயலின் தன் மெட்டைத் தொடங்குகிறது.

நடந்தது அவ்வளவுதான். ஒரு கருவி, ஒரு சுரம், அரைப்படி ஏற்றம். ஆனால் கேட்பவருக்கு ஒரு கதவு திறந்த மாதிரி இருக்கும். பகுதிகளுக்கு நடுவே கைதட்டல் விழுந்து மனநிலை உடையக் கூடாது என்பதற்காகவே மூன்று பகுதிகளையும் இப்படி இடைவெளி இல்லாமல் இணைத்தார் மெண்டல்சோன்.

இங்கே நம் கேள்விக்கு முதல் பதில் கிடைக்கிறது. இந்த சி மேஜர் மெட்டைத் தனியாக எடுத்துக் கேட்டால் இனிமையான பாட்டு. முதல் பகுதியின் சுமார் 12 நிமிடத் தவிப்புக்குப் பிறகு கேட்டால், அது ஆறுதல். சுரங்கள் மாறவில்லை. எங்கிருந்து வந்து சேர்ந்தோம் என்பதுதான் மாறியது.

நடுவில் ஏன் இருட்டுகிறது?

இரண்டாம் பகுதிக்குள்ளேயே மூன்று கட்டம் இருக்கிறது. அமைதியான மெட்டு, கலங்கிய நடுப்பகுதி, மறுபடியும் அமைதி. அந்த நடுப்பகுதி ஏ மைனரில் வருகிறது.

கிரக பேதம் கேள்விப்பட்டவர்களுக்கு இது எளிது. சங்கராபரணத்தின் சுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு, தைவதத்தை ஷட்ஜமாக நினைத்துப் பாடினால் நடபைரவி கிடைக்கும். சி மேஜரின் தைவதம் ஏ. ஆக, சி மேஜரும் ஏ மைனரும் அதே ஏழு சுரங்கள். வீடு மட்டும் வேறு. மேற்கத்திய இசையில் இதை 'ரிலேட்டிவ் மைனர்' என்பார்கள். போகப் போக நிஷாதம் கூர்மையாகி, கீரவாணியின் சாயலும் வந்து சேரும்.

இங்கே வயலின் கலைஞருக்குக் கடினமான ஒரு வேலை. மேலே மெட்டு, கீழே நடுங்குகிற மாதிரியான பக்கவாத்தியம், இரண்டையும் ஒரே வயலினில் அவரே வாசிக்க வேண்டும். பாடிக்கொண்டே பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானமும் சொல்கிற மாதிரி. டெம்போ பலகை ஆண்டான்டே என்றுதான் இருக்கிறது. ஆனால் உள்ளே ஓடும் சின்னச் சின்னச் சுரங்களால் நெஞ்சு படபடக்கிறது. மெதுவான துடிப்பின் மேலே வேகமான சலனம் வைக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம். பிறகு சி மேஜர் திரும்புகிறது. பகுதி அமைதியாக முடிகிறது.

'மைனர் என்றால் சோகம்' என்பது சரியா?

பாதி சரி. இந்த ஒரே கான்செர்ட்டோவிலேயே அதைச் சோதித்துப் பார்க்கலாம்.

சோதனை ஒன்று. முதல் பகுதியும், இரண்டாம் பகுதி முடிந்ததும் வரும் அந்த 14 சுற்றும் ஈ மைனர்தான். முதலாவது ஆவேசமாக ஓடுகிறது. இரண்டாவது, தந்திக்கருவிகள் மட்டும் துணையிருக்க, யோசித்துக்கொண்டே நடக்கிற மாதிரி ஏக்கமாக வருகிறது. கீ ஒன்று, டெம்போ வேறு, மனநிலை வேறு.

சோதனை இரண்டு. இரண்டாம் பகுதியும் மூன்றாம் பகுதியின் பெரும்பகுதியும் மேஜர்தான். ஒன்று தொட்டில். மற்றது டிரம்பெட் முழக்கத்தோடு தொடங்கி, துள்ளிக் குதித்து ஓடும் விளையாட்டு. மேஜர் என்பதால் இரண்டும் ஒரே மாதிரி 'சந்தோஷம்' ஆகிவிடவில்லை.

இன்னொரு சின்னத் தகவல். மேற்கத்திய வயலினின் நான்கு தந்திகளின் சுரங்கள் ஜி, டி, ஏ, ஈ. இந்த நான்கும் ஈ மைனரிலும் உண்டு, சி மேஜரிலும் உண்டு. அதனால் இந்தக் கீகளில் வாசிக்கும்போது, விரல் படாத தந்திகளும் சேர்ந்து அதிர்ந்து ஒலிக்கு நிறைவு கொடுக்கும். ஒரு கீ எப்படிக் கேட்கிறது என்பதில் வாத்தியத்தின் உடம்புக்கும் பங்கு உண்டு.

வயலின் நமக்கு எப்போது வந்தது?

இந்த கான்செர்ட்டோ லைப்சிக்கில் அரங்கேறிய 1845-இல், வயலின் ஏற்கெனவே நம் இசையில் குடியேறியிருந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னைப் பக்கம் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதைத் திருவிதாங்கூர் அரசவைவரை கொண்டுபோனார். சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் அவருக்குத் தந்த வயலின், தந்தத்தால் ஆனது.

கருவி அதே; பயன்பாடு மாறியது. தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கத் தொடங்கினார்கள். தந்திகளை ஸ, ப, ஸ, ப என்று பாடகரின் சுருதிக்கு ஏற்ப மாற்றிக் கட்டினார்கள். ஷட்ஜம் நகராத இசைக்கு அதுதான் வசதி.

மெட்டுகளும் கடல் கடந்தன. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயப் பேண்டு வாத்திய மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருத வரிகள் எழுதினார். நோட்டு சுரங்கள் என்று இன்றும் பிள்ளைகள் கற்கிறார்கள். அவை சங்கராபரணத்தில் அமைந்தவை. அவற்றில் 'சந்ததம் பாஹிமாம்' என்பது பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. அரசரை வாழ்த்திய மெட்டு, இங்கே அம்மனைப் பாடியது.

1986-இல் இளையராஜா 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பில் இந்த இரு உலகங்களையும் நேருக்கு நேர் உட்கார வைத்தார். தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட அந்தத் தொகுப்பில் தனி வயலின் வாசித்தவர் வி.எஸ்.நரசிம்மன். மெண்டல்சோனை முதல்முறை கேட்கப் போகும் தமிழ்க் காதுக்கு இதைவிட நல்ல முன்பயிற்சி இல்லை.

பேராக்கிலிருந்து புறப்பட்ட மெட்டு

இப்போது மீண்டும் நெகாராகூவுக்கு வருவோம். அந்த மெட்டு தேசிய கீதமாவதற்கு முன்பே பேராக் மாநிலத்தின் கீதம். அதற்கும் முன்னால் அது ஒரு பிரெஞ்சுப் பாட்டின் மெட்டு என்றும், செஷல்ஸ் தீவிலிருந்து வந்தது என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. பேராக்கின் சுல்தான் அப்துல்லாவை ஆங்கிலேயர்கள் அந்தத் தீவுக்குத்தான் நாடு கடத்தினார்கள். ஆண்டு 1877. அதே 1877-இல்தான் கோலகங்சாரில் முதல் ரப்பர் மரக்கன்றுகள் நடப்பட்டன. நம் தாத்தா பாட்டிகளைத் தோட்டங்களுக்கு அழைத்து வந்த மரம் அது.

பிறகு 'தெராங் பூலான்' என்ற காதல் பாட்டாக அதே மெட்டு இந்த வட்டாரம் முழுவதும் பிரபலமானது. 1947-இல் இங்கிலாந்தில் அது ஹவாய் பாணியில் 'மமுலா மூன்' என்று பதிவானது. அதைப் பதிவுசெய்த இசைக்குழுத் தலைவரின் பெயர் ஃபெலிக்ஸ் மெண்டல்சோன். நம் கான்செர்ட்டோக்காரர் இல்லை. அவர் 1847-லேயே இறந்துவிட்டார். பெயர் மட்டும் அதே.

1957-இல் சுதந்திரம் நெருங்கியபோது தேசிய கீதத்துக்குப் போட்டி நடந்தது. 500-க்கும் மேற்பட்ட மெட்டுகள் வந்தன. பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன் போன்ற பெரிய இசையமைப்பாளர்களிடமும் கேட்டுப் பார்த்தார்கள். எதுவும் மனதுக்கு ஒட்டவில்லை. கடைசியில் துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான குழு பேராக் மெட்டையே தேர்ந்தெடுத்தது.

ஒரே மெட்டு, சொல்லும் வேகமும் வாத்தியமும் மாற மாற, காதல் பாட்டாகவும் நடனப் பாட்டாகவும் எழுந்து நிற்க வைக்கும் கீதமாகவும் ஆகியிருக்கிறது. 1990-களில் வேகம் கூட்டியபோது மக்கள் முகம் சுளித்ததற்கும் இதுதான் காரணம். அந்த மெட்டில் நிமிர்ந்து நிற்கும் உணர்வு சுரங்களில் மட்டும் இல்லை. அது நிதானமாகப் போவதிலும் இருந்தது.

தோட்டத்துக் காதுக்குத் தெரிந்த பாடம்

அப்படியானால் மெதுவு என்றால் கம்பீரம், வேகம் என்றால் கேளிக்கை என்று எழுதி வைத்துக்கொள்ளலாமா? அதற்கும் பேராக்கிலேயே மறுப்பு இருக்கிறது.

தோட்டத்தில் லயம் என்றால் வரிசை வீடு. கச்சேரியில் லயம் என்றால் தாளத்தின் ஓட்டம். லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டாவது லயமும் நன்றாகவே தெரிந்திருந்தது. தூரத்தில் தப்புச் சத்தம் கேட்டால், அது அம்மன் திருவிழாவா, யாராவது தவறிவிட்டார்களா என்று அடியை வைத்தே சொல்லிவிடுவார்கள். சாவுக்கு அடிக்கும் அடி மெதுவாக இருக்கும் என்று புதிதாகக் கேட்பவர் நினைப்பார். உண்மையில் இறுதி ஊர்வலத்தின் அடி பல நேரம் கால் தானாக ஆடுகிற அளவுக்கு வேகமாக இருக்கும். வேகம் இருக்கிறது, மகிழ்ச்சி இல்லை. இறந்தவரை நல்லபடி வழியனுப்பும் வேகம் அது.

தாலாட்டு மெதுவாகப் போகும்; அது சோகம் இல்லை. ஒப்பாரியும் இழுத்துத்தான் பாடப்படும், அது சோகம். இரண்டையும் பாடியவர் ஒரே பாட்டியாகவும் இருந்திருப்பார். எந்தச் சூழலில், எந்தச் சொல்லோடு, எந்தக் குரலில் என்பதுதான் பிரித்துக் காட்டியது.

இன்றும் தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்துக்குக் காவடிகள் வரும்போது நின்று கேட்டால் இது புரியும். உருமி மேளம் நடைவேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். திடீரென அடி நெருக்கமாகும். அதே சாலை, அதே கூட்டம். ஆனால் காவடிக்காரரின் நடை ஆட்டமாக மாறும். இத்தாலியச் சொல் யாருக்கும் தேவைப்படாது.

சுங்கை சிப்புட், தைப்பிங் வட்டாரங்களில் பழைய ரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கிருந்த குடும்பங்கள் புந்தோங் போன்ற இடங்களுக்கும் மற்ற ஊர்களுக்கும் பிரிந்துபோயின. எந்த அடி எதற்கு என்று கேட்டவுடன் சொல்லக்கூடிய காதுகள் குறைந்துவருகின்றன. அந்த அறிவு எந்தத் தேர்வுத்தாளிலும் இல்லாததால், அது இசை அறிவு என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. ஆனால் வயலின் வகுப்பில் கேட்கும் டெம்போ, குணம் பற்றிய கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய காது அதே காதுதான்.

எப்படிக் கேட்பது?

மெண்டல்சோனின் இரண்டாம் பகுதியைக் கேட்க உட்காரும்போது இதைச் செய்து பாருங்கள்.

1. நேராக இரண்டாம் பகுதிக்குத் தாவாதீர்கள். முதல் பகுதியின் கடைசி இரண்டு நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். எல்லாம் நின்ற பிறகும் நீளும் பசூன் சுரத்தைப் பிடியுங்கள். அது அரைப்படி ஏறும் கணம் முக்கியம்.

2. வயலின் மெட்டு தொடங்கியதும் விரலால் 'தகிட தகிட' போட்டுப் பாருங்கள். நடக்கிற மாதிரி இருக்கிறதா, ஆடுகிற மாதிரி இருக்கிறதா?

3. நடுப்பகுதி வந்ததும், வீட்டுச் சுரம் எங்கே போனது என்று முணுமுணுத்துத் தேடுங்கள். போனில் சுருதிப்பெட்டிச் செயலி இருந்தால் முதலில் 1 கட்டை, பிறகு 6 கட்டை வைத்துப் பார்க்கலாம்.

4. பகுதி முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அடுத்து வரும் ஈ மைனர் 14 சுற்றையும், டிரம்பெட் முழங்கியபின் வரும் ஈ மேஜரையும் சேர்த்துக் கேளுங்கள்.

5. கடைசியாக, வேறு ஒரு வயலின் கலைஞர் வாசித்ததைப் போடுங்கள். டெம்போ கொஞ்சம் மாறியிருக்கும். மனநிலை எவ்வளவு மாறியது என்பதை உங்கள் சொந்தச் சொல்லில் எழுதுங்கள்.

தேர்வில் 'இதன் குணம் என்ன?' என்று கேட்டால், 'மெதுவாக இருக்கிறது, அதனால் சோகம்' என்பதைவிட நல்ல பதில் இப்போது உங்களிடம் இருக்கும். 'நடைவேகம், மும்மூன்றாக ஆடும் எண்ணிக்கை, மேஜர் கீ, அதனால் தாலாட்டு மாதிரி அமைதி. நடுவில் மைனருக்குப் போய் உள்ளே சலனம் கூடுகிறது, அதனால் கலக்கம். திரும்பி வரும்போது ஆறுதல்.' டெம்போவையும் கீயையும் தனித்தனி விடையாகச் சொல்லாமல், அவை சேர்ந்து என்ன செய்தன என்று சொல்வதே மனநிலைக்கான விடை.

அடுத்த சபைகூடலில் நெகாராகூ தொடங்கும்போது, மனதுக்குள் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். 2003-இல் ஏன் பழைய வேகம் திரும்பியது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.